நிறுத்தி வைத்த காரில் பேட்டரியைக் குடிப்பது எது?

பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். தினமும் ஓட்டினால் தொந்தரவு இல்லை. மூன்று நாள் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். புது பேட்டரி போட்டும் அதே நிலை, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரில் குறை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். எந்த ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பேட்டரியின் சார்ஜ் உண்மையிலேயே வண்டிக்குள்தான் போகிறதா என்பது ஒன்று, போகிறதென்றால் எந்த வழியாக என்பது மற்றொன்று. முதலாவதுக்கு விடை தெரியாமல் இரண்டாவதில் இறங்கினால் ஃபியூஸ் பெட்டி முழுவதையும் காலி செய்தாலும் ஒன்றும் பிடிபடாது.

பேட்டரி இறங்குவதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, அல்லது அது எப்போதும் முழுதாக நிரம்பவே இல்லை, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றைப் பிரிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பேட்டரியை வெளிச் சார்ஜரில் போட்டு முழுதாக நிரப்புங்கள். நன்றாக இறங்கிவிட்ட பேட்டரிக்கு 4 அல்லது 5 ஆம்பியரில் இரவு முழுக்கத் தேவைப்படும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ‘ஆல்டர்னேட்டர் நிரப்பியிருக்கும்’ என்று நினைப்பது இந்த விஷயத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு. சார்ஜரைக் கழற்றி ஆறு மணி நேரமாவது சும்மா விட்டு அளந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, டெர்மினலில் படாதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டு, அதே மூன்று நாள் விடுங்கள். வோல்ட் அப்படியே இருந்து, கேபிளை மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி வண்டிக்குள் இருக்கிறது. கேபிள் கழன்ற நிலையிலேயே 12.2, 12.0 என்று இறங்கியிருந்தால் பேட்டரிக்குள்தான் கோளாறு, புதிதாக வாங்கியதாக இருந்தாலும் சரி. 12.2 என்பது ஏறக்குறைய பாதிச் சார்ஜ். 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம்.

நிரம்பாமல் இருக்கும் வாய்ப்பையும் அப்போதே பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்களில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருப்பது வழக்கம். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: அண்மைக் கால வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்கும். அவற்றில் சில நேரம் 12.8 காட்டினாலும் அது கோளாறு ஆகாது, ஆகவே ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இனி வண்டிதான் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு குடித்தால் குற்றம்? கடிகாரம், ரிமோட் பூட்டின் ரிசீவர், மாட்யூல்கள் எனப்படும் சிறு கம்ப்யூட்டர்களின் நினைவகம் ஆகியவற்றுக்காக எல்லாக் கார்களும் கொஞ்சம் எடுக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. வசதிகள் நிறைந்த பெரிய வண்டிகளில் சற்றுக் கூடலாம். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) என்று எடுத்துக்கொண்டால், 50 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் குடிக்கும். பேட்டரியில் அறுபது சதவீதம், அதாவது 27 ஆம்பியர் அவர், போக மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு அது மூன்று நாளில் போகிறது. 27 ஆம்பியர் அவரை 72 மணி நேரத்தால் வகுத்தால் 0.375 ஆம்பியர். அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் நாலரை வாட். ஒரு 5 வாட் பல்பு எடுக்கும் அளவு இது! மீட்டரைத் தொடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் எந்த அளவிலான பொருளைத் தேடுகிறோம் என்று தெரிந்துவிடும். ஒருமுறை நன்றாக இறங்கிய பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்கும் என்பதால் உண்மையான எண் 0.2 ஆம்பியராகவும் இருக்கலாம். ஆனால் 40 மில்லி ஆம்பியர் காட்டினால், அந்த எண்ணால் மூன்று நாளில் பேட்டரி இறங்காது. அப்போது காரணம் வேறு, அல்லது நீங்கள் அளந்த நேரத்தில் அந்தப் பொருள் ஓடவில்லை.

5 வாட் பல்பு என்று கணக்கு சொல்வதால் முதலில் விளக்குகளைப் பாருங்கள். இரவில் வண்டியைப் பூட்டிவிட்டுச் சுற்றி வாருங்கள். பிரேக் லைட் எரிகிறதா? பிரேக் மிதியின் மேல்முனையில் ஸ்விட்சை அழுத்தும் சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு பழைய கார்களில் உதிர்ந்துபோகும், அப்போது விளக்கு அணையவே அணையாது. டிக்கிக்குள்ளும் கிளவ் பாக்ஸுக்குள்ளும் செல்பேசியில் வீடியோவை ஓடவிட்டு வைத்து மூடி, பிறகு எடுத்துப் பாருங்கள். மூடிய பின் இருட்டானால் சரி. சன் வைஸர் கண்ணாடி விளக்கையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய வண்டி என்பதால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது முந்தைய உரிமையாளர் பிற்பாடு மாட்டிய பொருட்களை. தொழிற்சாலையில் போட்ட வயரிங்கைவிட இவைதான் அதிகம் காரணமாக இருக்கின்றன என்பது என் கணிப்பு. ஸ்டீரியோ மாற்றியிருந்தால் அதன் பின்னாலுள்ள மஞ்சள், சிவப்பு வயர்களைப் பாருங்கள். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே இடத்தில் கொடுத்துவிடுவது வழக்கமான குறுக்குவழி. அப்படிச் செய்தால் முன்பக்கம் அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே செட் விழித்தே இருக்கும், அதோடு ஆம்பிளிஃபயரையும் எழுப்பி வைத்திருக்கும். பாதுகாப்பு அலாரம், டேஷ் கேமரா, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) சொருகிய கருவி, டாஷ்போர்டுக்குள் மறைத்து வைத்த ஜிபிஎஸ் டிராக்கர், கூடுதல் ஃபாக் லைட்டின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), கால் வைக்கும் இடத்தில் ஒட்டிய எல்இடி பட்டை ஆகியவற்றையும் தேடுங்கள். பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலில் நேரடியாகத் திருகிய மெல்லிய வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்வது அரை மணி நேர வேலை. பெரும்பாலும் அது வீண் போகாது.

இவற்றில் எதுவும் சிக்காவிட்டால் மீட்டர். மின் அழுத்தத்தையும் டிசி ஆம்பியரையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும், அதில் 10 ஆம்பியர் சாக்கெட் இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் சாக்கெட்டில் தொடங்காதீர்கள். அதன் உள் ஃபியூஸ் கால் அல்லது அரை ஆம்பியரிலேயே போய்விடும். போகாவிட்டாலும் அந்த ரேஞ்சின் உள் எதிர்ப்பால் வண்டிக்குக் கிடைக்கும் வோல்ட் குறைந்து மாட்யூல்கள் தாறுமாறாக நடந்துகொள்ளும்.

அளப்பதற்கு முன் வண்டியைத் தூங்க வைப்பதுதான் முழு வேலையிலும் முக்கியமானது, அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கதவைத் திறந்ததும் வண்டியின் மாட்யூல்கள் விழித்துப் பல ஆம்பியர் எடுக்கும். பூட்டிய பிறகு படிப்படியாக ஒவ்வொன்றாக அடங்கும். அதற்கு இருபது நிமிடம் ஆகலாம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இதற்குள் அளந்துவிட்டு ‘2 ஆம்பியர் லீக் ஆகிறது’ என்று முடிவு கட்டி, நல்ல பொருட்களை மாற்றுவது சர்வ சாதாரணம்.

வரிசை இப்படி. கண்ணாடிகளை இறக்கி வையுங்கள். பானெட்டைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைப் பிறகு அணுக வேண்டுமானால் அந்தக் கதவைத் திறந்து வைத்து, கதவின் ஓரத்திலுள்ள பூட்டுக் கொக்கியையும் அதேபோல் மூடிய நிலைக்குத் திருப்புங்கள். வண்டி கதவு மூடியதாக நம்பும். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து அறைந்தால் பூட்டு உடையும்.) ரிமோட்டால் பூட்டிவிட்டு, சாவியைப் பத்து மீட்டராவது தள்ளி வைத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சாவி பக்கத்தில் இருந்தால் அதனோடு பேசிக்கொண்டே விழித்திருக்கும்.

இப்போது ஒரு தடித்த வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை நெகட்டிவ் கேபிளின் உலோக முனையிலும் கிளிப்பால் பிடியுங்கள். அதன் பிறகே ஸ்பானரால் தளர்த்திக் கேபிளைக் கம்பத்திலிருந்து உருவுங்கள். மின்சாரம் அந்த வயர் வழியாகத் தொடர்ந்து போகும், வண்டிக்கு எதுவும் தெரியாது. மீட்டரின் சிவப்பு முனையைக் கேபிளிலும் கருப்பு முனையைக் கம்பத்திலும் பிடித்து, 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அந்த வயரை மட்டும் எடுங்கள். மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகப் போகிறது. இடையில் கதவைத் திறக்கவோ சாவியைப் போடவோ வேண்டியிருந்தால் முதலில் அந்த வயரை மீண்டும் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகலாம். மீட்டர் இடையில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும்.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் கேபிளைக் கழற்றவே தேவையில்லை, நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும். ஆனால் அது டிசி ஆம்பியரை அளக்கும் வகையாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கான ஏசி கிளாம்ப் இங்கே எதையும் காட்டாது. நெகட்டிவ் முனையிலிருந்து இரண்டு கேபிள் கிளம்பினால் இரண்டையும் கிளாம்புக்குள் கொண்டுவர வேண்டும். கேபிளை விட்டு விலக்கி, அதே திசையில் பிடித்து, பூஜ்யப் பட்டனை அழுத்திவிட்டு மாட்டுங்கள். அப்படியும் சில பத்து மில்லி ஆம்பியர் தவறு இருக்கும். 350 மில்லி ஆம்பியரைப் பிடிக்க இது தாராளம். 30க்கும் 60க்கும் வித்தியாசம் சொல்ல இதை நம்ப வேண்டாம்.

எண் எப்படி இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள், அதுவே ஒரு தடயம். கடைசியில் 30க்கு வந்து நின்றால் அந்த நேரத்தில் கோளாறு இல்லை. 350ல் அசையாமல் நின்றால் ஒரு விளக்கோ, ஒட்டிக்கொண்ட ரிலேயோ, அணையாத கருவியோ. ஓர் ஆம்பியருக்கு மேலேயே நின்று தூங்கவே மறுத்தால் ஏதோ ஒரு மாட்யூல் மற்றவற்றையும் விழிக்க வைத்திருக்கிறது. அதற்குப் பல நேரங்களில் காரணம் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சிறு ஸ்விட்ச் தேய்ந்து, மூடிய கதவைத் திறந்ததாகக் காட்டுவதுதான். இறங்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி, மீண்டும் இறங்கினால் எழுப்பும் பொருள் ஒன்று உண்டு என்று அர்த்தம்.

உங்கள் ஃபியூஸ் கேள்விக்கு இப்போது வரலாம். எதையும் பிடுங்காதீர்கள். பிடுங்கித் திரும்பச் சொருகும்போது அந்த வழியிலுள்ள மாட்யூல் விழிக்கும், திரும்ப ஒரு மணி நேரக் காத்திருப்பு. சிக்கிக்கொண்டிருந்த மாட்யூல் மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும் தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு. கோளாறு மறைந்துவிடும், காரணம் தெரியாது, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும். அதற்குப் பதில் மீட்டரை டிசி மில்லி வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். இதற்கு முனைகளையும் வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதால் முதலில் அந்த இணைப்பு வயரை மாட்டிவிடுங்கள். கத்தி வகை ஃபியூஸின் மேல்புறத்தில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். இரண்டிலும் முனைகளை வைத்து அளந்தால், மின்சாரம் போகாத ஃபியூஸ் 0.0 காட்டும். போகிற ஃபியூஸ் சிறு எண் காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸின் எதிர்ப்பு ஏறக்குறைய 7.5 மில்லி ஓம், ஆகவே 350 மில்லி ஆம்பியர் போனால் 2.6 மில்லி வோல்ட். 30 ஆம்பியர் ஃபியூஸில் எதிர்ப்பு 2 மில்லி ஓம் அளவுதான், அதே மின்சாரத்துக்கு 0.7 மட்டுமே வரும். ஃபியூஸ் பெரிதாக ஆக எண் சிறிதாகும் என்பதை மனதில் வையுங்கள். 5 ஆம்பியர் ஃபியூஸில் 0.1 என்பது வெறும் 6 மில்லி ஆம்பியர், 30 ஆம்பியர் ஃபியூஸில் அதே 0.1 ஏறக்குறைய 50. தயாரிப்புக்குத் தயாரிப்பு எதிர்ப்பு மாறும் என்பதால் இவை தோராய எண்களே. எந்த வழியில் மின்சாரம் போகிறது என்று சொல்ல இவை போதும், எவ்வளவு போகிறது என்று துல்லியமாகச் சொல்ல அல்ல. 0.1 மில்லி வோல்ட் வரை காட்டாத மீட்டரால் இந்தச் சோதனை முடியாது.

ஃபியூஸைக் கண்டுபிடித்தால் பாதி வழிதான் வந்திருக்கிறோம். ஒரே ஃபியூஸ் ஸ்டீரியோ, உள் விளக்கு, ஓபிடி சாக்கெட், கடிகாரம் எல்லாவற்றுக்கும் கொடுக்கும். உங்கள் மாடலின் வயரிங் படத்தில் அந்த ஃபியூஸுக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எப்போது விழுகிறது என்று பாருங்கள். ரிலேக்களைக் கையால் தொட்டும் பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் சுருளுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்ட ரிலே சூடாகாமலும் இருக்கலாம், அதை அதே எண்ணுள்ள வேறு ரிலேயோடு மாற்றிப் போட்டுத்தான் அறிய முடியும்.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனால் மொத்தம் 350 என்றால் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத பாதைகளைப் பாருங்கள். முதலில் வருவது ஆல்டர்னேட்டர். அதன் தடித்த வயர் பேட்டரிக்குக் கிட்டத்தட்ட நேரடியாகப் போகிறது. உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று கெட்டால் மின்சாரம் பின்னோக்கிக் கசியும். வோல்ட் அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று உங்களுக்குச் சொன்னது இதை மறுக்காது. டயோடு கெட்ட ஆல்டர்னேட்டரும் 14 வோல்ட் கொடுக்கக்கூடும். இரவு நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரின் உடல் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் அளந்து அரை வோல்ட்டுக்கு மேல் வந்தாலும் டயோடைச் சந்தேகிக்கலாம், ஆனால் மலிவான மீட்டர்கள் சில டிசி கலந்த இடத்தில் ஏசியைத் தப்பாகக் காட்டும். தீர்மானமான சோதனை ஒன்றே: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, முனையை டேப்பால் நன்றாகச் சுற்றி, நெகட்டிவை மாட்டி, வண்டி மீண்டும் தூங்கிய பிறகு திரும்ப அளப்பது. எண் விழுந்தால் வேறு ஆதாரம் வேண்டாம். நெகட்டிவைக் கழற்றாமல் அந்த வயரில் ஸ்பானர் வைத்தால் அது உடலில் பட்ட கணமே நெருப்புப் பொறி பறக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை, அந்த மூன்று நாள் சோதனையின் முடிவும், வண்டி தூங்கிய பிறகு நின்ற எண்ணும். உங்கள் விஷயத்தில் ஸ்டீரியோவா, பூட்டா, ஆல்டர்னேட்டரா என்பதைக் கேள்வியை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது, நான் மேலே வைத்த வரிசை வாய்ப்பின் வரிசை மட்டுமே. விட்டு விட்டு வரும் கோளாறில் இந்த முறையே தடுமாறும். நீங்கள் அளக்கும் ஒரு மணி நேரத்தில் அது தலைகாட்டாமல் போகலாம். அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் மீட்டரை இரவு முழுக்க விட்டு வைத்தால் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒரே ஒரு உச்ச எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சில வண்டிகளில் எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து எரிபொருள் ஆவி கசிகிறதா என்று சோதிக்க ஒரு மாட்யூல் தானாகவே விழித்துவிட்டுத் திரும்பத் தூங்கும்.

மாட்யூல்கள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருந்தால் அந்த வண்டிக்கான ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுப்பதே மேல். எந்த மாட்யூல் எழுப்புகிறது என்று பல வண்டிகளில் அதில்தான் பார்க்க முடியும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களில் மீட்டர் முனையை வைக்காதீர்கள். ஹைப்ரிட் வண்டியாக இருந்தால் ஆரஞ்சு நிற கேபிள்களை நெருங்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்டீரியோ ரகசிய எண் (கோடு) கேட்கும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாட்டிய பின் பவர் விண்டோவைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கலாம். காரணம் கிடைக்கும் வரை நெகட்டிவைக் கழற்றி வைப்பது அல்லது அதில் ஒரு கட் ஆஃப் ஸ்விட்ச் போடுவது தற்காலிகமாகச் சரி. அதையே நிரந்தரத் தீர்வாக விட்டுவிட வேண்டாம், எங்கோ ஒரு வயர் உரசிக்கொண்டோ சூடாகிக்கொண்டோ இருந்தால், ஓட்டும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

சரிசெய்த பிறகு மீண்டும் தூங்க வைத்து அளந்து 50க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, கேபிள் மாட்டிய நிலையில் மூன்று நாள் விட்டால் வோல்ட் 0.1க்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. இறங்காமல் இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், பலமுறை காலியானதில் தகடுகளில் சல்பேட் படிந்து அந்தப் புது பேட்டரியும் பழுதாகியிருக்கலாம். அதை, மின்சாரம் இழுத்துப் பேட்டரியைச் சோதிக்கும் லோடு டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.